கேப்டன் விஜயகாந்த் மவுசு இறங்குதுன்னு நீங்க முதல்ல எங்க பாத்தீங்க?

உளுந்தூர்பேட்டைக்காரன்:

நேரா விஷயத்துக்கு வந்துர்றேன். 2016 தேர்தல். கத்திரி வெயில். கேப்டன் எங்க தொகுதியிலயே நிக்கிறாரு, முதல்வர் வேட்பாளர் வேற. வேன் வருதுன்னு மத்தியானத்துல இருந்தே முக்கூட்டுல சனம் நிக்குது. கூட்டம் வரலன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. ரெண்டு பக்கமும் பஸ் நகர முடியல. டீக்கடைக்காரருக்குப் பால் தீந்துபோய் பிளாக் டீயா ஊத்திக்கிட்டு இருந்தாரு.

வேன் நின்னு அவரு மேல எழுந்திரிச்சதும் விசில் சத்தத்துல காது கிழியும்னு நெனச்சேன். 2006-ல விருத்தாசலத்துல மாமா வீட்டுக்குப் போயிருந்தப்ப அப்படித்தான் இருந்துச்சு. பாமக கோட்டைன்னு பேர் வாங்கின ஊர்ல, கட்சி ஆரம்பிச்ச மறு வருசமே அவரு நின்னு ஜெயிச்ச தேர்தல் அது. இங்க விசில் வரல. கைதான் மேல போச்சு. எல்லாக் கையிலயும் போன்.

எனக்குப் பக்கத்துல ஒரு பையன், காலேஜ் படிக்கிறவன் மாதிரி இருந்தான். ரெக்கார்டிங் ஓடுது. கூட்டாளிகிட்ட "இரு இரு, இப்ப வரும் பாரு"ங்கிறான். என்ன வரும்? பேச்சு தடுமாறும்ல, அது வரும். அதுக்குத்தான் அம்புட்டு நேரம் வெயில்ல காஞ்சிருக்கான். ஒரு இடத்துல வார்த்தை கிடைக்காம இழுத்தாரு, திரும்பி வேனுக்குள்ள யாரையோ பாத்தாரு. குபீர்னு சிரிப்பு. இந்தப் பையன் டக்குனு ரெக்கார்டிங்க நிறுத்தி, போனப் பாக்கெட்டுல போட்டு, பைக்க எடுத்துட்டுப் போயிட்டான். பேச்சு பாதிகூட முடியல.

ரிசல்ட் உங்களுக்கே தெரியும். மூணாவது எடம், டெபாசிட் காலி. ரிசல்ட் கூட எனக்குப் பெருசா உறுத்தல. அந்தப் பையன் கிளம்பிப் போன வேகம்தான் இன்னும் உறுத்துது. உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கும். சொல்லுங்க.

சுவர்க்காரன்:

நான் சுவரு எழுதுறவன், உசிலம்பட்டிப் பக்கம். 2011-ல எங்க ஏரியாவுல தேமுதிக சின்னம் முரசு பூராம் வரைஞ்சது நானும் எங்க மச்சானும்தான். இரட்டை இலைக்கு அஞ்சு நிமிசம் போதும். உதயசூரியன் அதவிடச் சுளுவு. முரசுக்கு வளைவு போட்டு, கயிறு குறுக்கயும் நெடுக்கயும் இழுத்து, ரெண்டு குச்சியும் வைக்கணும். ஒரு சுவத்துக்கு அரை மணி நேரம் ஓடிரும். ஆனா சலிக்காம வரைஞ்சோம். 2005-ல அவரு கட்சிய ஆரம்பிச்சதே மதுரையிலதான? வீட்டுக்காரவுகளே கூப்பிட்டு "எங்க சுவத்துல எழுதுய்யா"ம்பாக. டவுனுக்குள்ள தேர்தல் கமிசன் கெடுபிடி, கிராமத்துச் சுவருதான் எங்களுக்குப் பொழப்பு. ஒரு ஆத்தா மோரு குடுத்து உக்கார வச்சு எழுதச் சொல்லுச்சு.

2016-ல அதே வீட்டுல இருந்து ஆள் வந்துச்சு, அழிக்கணும்னு. மகன் வேற கட்சிக்கு மாறிட்டாரு. நான் சுண்ணாம்பு வாளியோட போயி நிக்கிறேன். ஆத்தா திண்ணையில உக்காந்துக்கிட்டு, "பேர மட்டும் அழி, முரசு இருக்கட்டும்"ங்குது. மகன் வாசல்ல நின்னு "எல்லாத்தையும் அடிண்ணே, அதுக்கு என்ன தெரியும்"ங்குறாரு. "எனக்கு என்னடா தெரியாது, எழுதச் சொன்னவளே நான்தான"ன்னு ஆத்தா எந்திரிச்சிருச்சு. கூலி குடுக்கறவரு சொல்றதுதான் நடக்கும். ரெண்டு கோட்டு அடிச்சேன், மேல புதுச் சின்னமும் வரைஞ்சேன்.

ஐப்பசி மழை ஒண்ணு நல்லாப் பேஞ்சுச்சு. புதுச் சின்னத்துக்கு ஊடால முரசோட கயித்துக் கோடு கருப்பா எந்திரிச்சு நிக்குது. எனாமல் கருப்பு, சுண்ணாம்புக்கு எங்க அடங்கும்? மூணாவது கோட்டு அடிக்கச் சொல்லி ஆள் விட்டாக. யாரு காசுன்னு கேட்டேன். அதோட பேச்சு நின்னுபோச்சு.

கணக்குப்பிள்ளை:

சுவர்க்காரன் அண்ணன் எழுதினது அருமை. ஆனா முதல் பதிவு போட்டவர் வீடியோ, சிரிப்புன்னு இழுக்கறதை ஒத்துக்க மாட்டேன். கேப்டனை எந்த மீமும் தோற்கடிக்கல, கூட்டணிதான் தோற்கடிச்சது.

2006-ல தனியா நின்னு 8 சதவீதத்துக்கு மேல. 2009 மக்களவை, அதுவும் தனியா, 10 சதவீதத்தைத் தாண்டியாச்சு, ஆனா ஒரு சீட் கிடையாது. அங்கதான் ஆசை வந்தது. 2011-ல அதிமுகவோட சேர்ந்து 41 இடத்துல நின்னு 29 ஜெயிச்சாங்க. 23 வாங்கின திமுகவைத் தள்ளிட்டு இவர் எதிர்க்கட்சித் தலைவர். மேல ஏறினது அதோட சரி. 2012 பிப்ரவரியில சட்டசபைக்குள்ள முதல்வர் ஜெயலலிதாவோட நேருக்கு நேர் மோதி சஸ்பெண்ட் ஆனார். ஜெயிச்சவங்கள்ல சில பேர் தொகுதி நலன்னு சொல்லிக்கிட்டு முதல்வரைப் போய்ப் பார்க்க ஆரம்பிச்சாங்க. கட்சியோட மூத்த தலைவர் பண்ருட்டி ராமச்சந்திரனே 2013 கடைசியில விலகிட்டார். 2014-ல பாஜக அணி, 14 இடம், பூஜ்யம். 2016-ல மக்கள் நலக் கூட்டணி, 104 இடம், பூஜ்யம், ஓட்டு 2.4 சதவீதம். 2021-ல அமமுகவோட 60 இடம், அரை சதவீதம்கூட வரல. தெய்வத்தோடயும் மக்களோடயும்தான் கூட்டணின்னு சொன்ன வரைக்கும் ஏறின கிராஃப் இது.

என் அனுபவம்னு கேட்டா, 2016 பிப்ரவரி காஞ்சிபுரம் மாநாடு. மேடையில இருந்து நான் கிங்கா இருக்கணுமா, கிங்மேக்கரா இருக்கணுமான்னு கேட்டார். மைதானமே "கிங்"னு அலறுது. எனக்கு முன்னாடி ஒரு நிர்வாகி, வயசு அறுபது இருக்கும், துண்டால முகத்தத் தொடச்சிக்கிட்டே பல்லைக் கடிச்சு முணுமுணுக்கறார்: "கிங்மேக்கர்னு சொல்லித் தொலைங்கடா." பழம் பால்ல விழும், கேப்டன் திமுக கூட்டணிக்கு வருவார்னு கலைஞர் காத்துக்கிட்டிருந்த நேரம் அது. அந்த நிர்வாகிக்குத் தெரிஞ்சது மேடைக்குத் தெரியல.

உளுந்தூர்பேட்டைக்காரன்:

கணக்குப்பிள்ளை சார், 200 சொச்சம் எடத்துல நின்ன சதவீதத்தையும் 60 எடத்துல நின்ன சதவீதத்தையும் ஒரே வரிசையில அடுக்குறீங்க. 60-ல நின்னா மொத்த சதவீதம் குறையத்தானே செய்யும். பேர மாத்திக்கோங்க.

கணக்குப்பிள்ளை:

குறையும்தான். அந்த 60-ல எத்தன டெபாசிட் தேறுச்சுன்னு நீங்களே பாத்துட்டு வந்து சொல்லுங்க. விருத்தாசலத்துல கேப்டன் மனைவி பிரேமலதா அண்ணியாருக்கே தேறல.

லைட்மேன்:

அரசியல் எனக்குத் தெரியாது. நான் லைட் தூக்கினவன். அவர் படத்துல வேலைன்னா எங்க ஆளுங்க மத்த கம்பெனி வேலையத் தள்ளிப்போட்டுட்டு வருவாங்க, காரணம் சாப்பாடு. ஹீரோவுக்கு என்ன போடறாங்களோ அதேதான் கேபிள் இழுக்கற பையனுக்கும். மட்டன்னா எல்லாருக்கும் மட்டன். மத்த இடத்துல நாங்க சாப்பிடற சாம்பாரும் டைரக்டர் சாப்பிடற சாம்பாரும் ஒண்ணாவே இருக்காது. நடிகர் சங்கத் தலைவரா இருந்து கடனை அடைச்சது எல்லாருக்கும் தெரியும், நான் இந்த இலைய மட்டும்தான் சொல்றேன்.

2016 ஓட்டுப் போட்ட அன்னிக்கு சாயந்திரம் வடபழனியில நாங்க அஞ்சாறு பேரு, எல்லாம் அவர் சோறு சாப்ட்டவங்க. யாருக்குப் போட்டேன்னு ஒருத்தன் கேட்டான். யாரும் வாயத் தொறக்கல. அதுல மூத்தவரு, புரொடக்ஷன்ல பரிமாறினவரு, வெத்தலைய மடிச்சிக்கிட்டே சொன்னாரு: "சோத்துக்கு விசுவாசம் சாகற வரைக்கும் இருக்கும்ப்பா. ஓட்டு எம்ஜிஆர் காலத்துலருந்து இலைக்கு." எல்லாரும் தலைய ஆட்டினாங்க. நானுந்தான்.

அந்த மனுசன் கறுப்பு எம்ஜிஆர்னு பேரு வாங்கினவரு. அந்தப் பேர வச்சுக்கிட்டே இலைக்காரன் ஓட்ட வாங்க முடியலயேன்னு அப்ப தோணுச்சு.

செங்கல்பட்டுக்காரி:

எங்க அம்மா பத்தி எழுதலாமான்னு யோசிச்சிட்டே இருந்தேன். லைட்மேன் அண்ணா எழுதினதப் பாத்ததும் எழுதிடலாம்னு வந்தேன்.

எங்க வீட்ல எல்லாரும் திமுக. அம்மா மட்டும் 2006-லயும் 2009-லயும் முரசு... 2006-ல என்ன சின்னம்னு இப்ப சரியா ஞாபகம் இல்ல, கேப்டனுக்குத்தான் போட்டாங்க. காரணம் ஒண்ணே ஒண்ணு. ரேஷன் சாமான் வீடு தேடி வரும்னு சொன்னாரு. எங்க ரேஷன் கடை ஏரிக்கரைக்கு அந்தாண்ட. மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிட்டு அம்மாதான் போவாங்க, அப்பா போனதே இல்ல. "இந்த ஆளுக்கு மட்டும்தான்டி கேன் எவ்ளோ கனம்னு தெரிஞ்சிருக்கு"ம்பாங்க. அப்பா சிரிப்பாரு, குடிகாரனுக்குப் போடற ஓட்டுன்னு கிண்டல் பண்ணுவாரு. மேடையிலயே எதிர்க்கட்சிக்காரங்க அந்தப் பேச்ச பேசின காலம். அம்மா கண்டுக்கவே மாட்டாங்க.

2014-ல ஓட்டுப் போட்டுட்டு வந்தாங்க. யாருக்கும்மான்னு கேட்டேன். "ரேஷனப் பத்தி இந்தத் தடவ ஒரு வார்த்த பேசலியே, பிரதமரப் பத்தியேல்ல பேசினாரு"ன்னு சொல்லிட்டு அரிசி களைய உக்காந்துட்டாங்க. யாருக்குப் போட்டாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லல. கூட்டணி, மீம் எதுவும் அவங்களுக்குத் தெரியாது. வாட்ஸப்பே 2018-ல தான் வந்துச்சு எங்க வீட்டுக்கு. அதனால ரெண்டு பேரும் அடிச்சிக்காதீங்க.

பழைய ரிப்போர்ட்டர்:

மீமைப் பற்றிப் பேசுபவர்கள் அது எங்கே தயாரானது என்று கேட்பதே இல்லை. நான் சொல்கிறேன், எந்த அலுவலகம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

2015 டிசம்பர் கடைசியில் ஒரு ரத்ததான முகாமில் நிருபர்களைப் பார்த்து 'தூ' என்று அவர் துப்பியது ஊரறிந்தது. ஜெயலலிதாவிடம் இப்படிக் கேட்பீர்களா, பயப்படுவீர்கள் என்று சொல்லித் துப்பினார். நான் அங்கே இல்லை. செய்தது தவறு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். கேள்வியில் உண்மை இருந்தது என்றும் எங்களுக்குள் பேசிக்கொண்டோம், அதை யாரும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்தி என்றால் எங்கள் செய்தி மேசைக்கு ஒரே ஒரு தேவைதான். தேர்தல் பிரசாரத்தின்போது அவருடைய முழுப் பேச்சையும் படமெடுத்துக்கொண்டு வந்தேன். நெல் கொள்முதல் பற்றிக் கொஞ்சம், மணல் பற்றிக் கொஞ்சம், ஏதோ பேசியிருந்தார், சுமாரான பேச்சுதான். எடிட்டர் ஹெட்போனை மாட்டாமலே படத்தை ஓடவிட்டார். சத்தம் இல்லாமல் வாயசைவை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்க திக்கறார் பாரு, இதை மட்டும் வெட்டிக் குடு." அப்புறம்தான் ஹெட்போனை மாட்டினார். பேச்சில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. வெட்டியது இரவுக்குள் எல்லா வாட்ஸப் குழுவிலும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவருக்கு அப்போதே உடம்பு சரியில்லை என்பது துறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். குடி என்று எழுதுவது சுலபமாக இருந்தது.

வடசென்னை வாசி:

ரிப்போர்ட்டர் சார் இப்ப வந்து உண்மை பேசறீங்க. 2016-ல இத எழுதியிருந்தா நல்லாருந்திருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க, வயித்தெரிச்சல்ல சொல்றேன்.

பழைய ரிப்போர்ட்டர்:

எழுதினேன். போடவில்லை. சரி, அது வேறு கதை.

பூத் ஏஜெண்ட் (ஓய்வு):

எல்லாரும் மேடையவே பாக்கறீங்க. கட்சி கரையறது பூத்துலதான் முதல்ல தெரியும். 2011-ல எங்க பூத்துல முரசுக்காரங்க ரெண்டு பேரு, விடியக்காலையே குளிச்சு பட்டையெல்லாம் போட்டுட்டு வந்து உக்காந்தாங்க. 2016-ல அந்த நாற்காலி காலி. பத்து மணிக்கு மேல ஒரு பையன் வந்தான், கையில ஃபாரம் இல்ல, வெளிய அனுப்பிட்டாங்க. மத்தியானம் அவனுக்குச் சாப்பாடு குடுத்தது எதிர்க்கட்சி ஏஜெண்ட். அவ்வளவுதான் என் கதை.

2024-ல புதுசா கட்சி ஆரம்பிச்ச நடிகர் விஜயோட ரசிகர்கள் இதப் படிப்பீங்க. உங்களுக்காகச் சொல்றேன். மாநாட்டுக் கூட்டத்த எண்ணாதீங்க, பூத்த எண்ணுங்க. பூத்துக்கு ஒரு ஏஜெண்டு, அவருக்கு மாத்தாள் ரெண்டு பேரு, மூணு பேரையும் இப்பவே முடிவு பண்ணுங்க. ஆளு உள்ளூரா இருக்கணும். வர்றவங்க முகத்தப் பாத்து இன்னார் வீட்டுப் பையன், இவன் வெளிநாட்டுல இருக்கானே, எப்படி ஓட்டுப் போட வந்தான்னு சொல்லத் தெரியணும். வெளியூர் ரசிகனை உக்கார வச்சா அவன் சுவத்தத்தான் பாத்துக்கிட்டு இருப்பான்.

ஏஜெண்ட் நியமனத்துக்கு 10-ம் நம்பர் ஃபாரம். வேட்பாளரோ தேர்தல் முகவரோ கையெழுத்துப் போட்டிருக்கணும். முந்தின நாள் ராத்திரி பதறாம முன்கூட்டியே வாங்கி வச்சிக்கோங்க. காலையில ஓட்டுப்பதிவு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டுவாங்க, அதுக்கு நேரத்துக்கு இருக்கணும். காப்பி குடிச்சிட்டு வரேன்னு போனா முடிஞ்சுது. சாயந்திரம் 17சி ஃபாரத்துல மொத்தம் எத்தன ஓட்டு விழுந்ததுன்னு எழுதித் தருவாங்க, அந்த நகலை வாங்காம எழுந்திரிக்காதீங்க. எண்ணற அன்னிக்கு மெஷின் காட்டற மொத்தத்தையும் இதையும் சரிபார்க்கறதுக்கு உங்க கையில இருக்கற ஒரே காகிதம் அதுதான். வாங்கினத மடிச்சுச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போகாதீங்க, வேட்பாளர் ஆபீஸ்ல குடுத்துட்டுப் போங்க. இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரி தெரியும்.

அப்புறம் டெபாசிட். சட்டசபைக்கு 10,000 ரூபா, செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்கு வந்தாத்தான் திரும்பி வரும். காசு பெருசு இல்ல. டெபாசிட் போச்சுன்னு பேப்பர்ல வந்ததும் கீழ இருக்கற கிளைச் செயலாளருக்கு ஊர்ல தலை காட்ட முடியாது, அவன்தான் முதல்ல வேற கட்சிக்குப் போவான். அதனால ஆள் இல்லாத எடத்துல நிக்காதீங்க. எல்லாத் தொகுதியிலயும் நிப்போம்ங்கறது கேக்க நல்லாருக்கும். வாக்காளர் பட்டியல எடுத்து உங்க தெருவுல செத்தவங்க பேரு, மாறிப் போனவங்க பேரு இருக்கான்னு முதல்ல பாருங்க. கட்அவுட்டுக்குப் பால் ஊத்தற நேரத்துல அதப் பாக்கலாம். இன்னொண்ணு, ஏஜெண்டுக்குக் காலையில டிபன், மத்தியானச் சாப்பாடு கட்சியே கொண்டுவந்து குடுக்கணும். பசியில உக்காந்தவன் எதிராளி குடுக்கற பிரியாணிய வாங்கித்தான் தீருவான். வாங்கினவன் அதுக்கப்புறம் வாயத் தொறக்க மாட்டான்.

செங்கல்பட்டுக்காரி:

அண்ணா, கதை நாலு வரி, அறிவுரை நாப்பது வரி. கேட்டது யாரு?

பூத் ஏஜெண்ட் (ஓய்வு):

கேக்காதவங்களுக்குத்தான் தேவைம்மா.

வடசென்னை வாசி:

நான் சொல்லவேண்டியது 2023 டிசம்பர் 29, கேப்டன் இறந்த மறுநாள். தீவுத்திடல். முந்தின நாள் கோயம்பேடு கட்சி ஆபீசுக்குப் போயி கூட்டத்துல பக்கத்துலயே போக முடியாம திரும்பினேன், அதனால மறுநாள் காலையில நேரத்துக்கே போனேன். லைன் நகரவே இல்ல. எனக்கு முன்னாடி ஒரு பெரியவர், அதிமுக கரை வேட்டி. பின்னால இருந்து ஒரு பையன், "உங்க அம்மா என்ன பேச்சு பேசினாங்க சட்டசபையில, இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றீங்க"ன்னு கத்தறான். சரி, அடிதடிதான்னு நான் ஒதுங்கினேன். பெரியவர் திரும்பி, கோவமே இல்லாம, "தம்பி, 2011-ல முரசுக்கு வீடு வீடா ஓட்டுக் கேட்டவன் நான். நீ அப்ப எந்த வகுப்பு?"ன்னாரு. பையன் ஆறாவதுன்னான். சொன்னதும் அவனுக்கே சிரிப்பு வந்திருச்சு. அப்புறம் லைன் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே தண்ணி பாட்டில்.

எனக்கு உறுத்தறது என்னன்னா அந்தப் பையனுக்கு ஓட்டுப் போடற வயசு வந்தப்ப கேப்டன் பேச்சு நின்னுபோச்சு. வீல் சேர்லதான் பாத்திருக்கான். அவனுக்குத் தெரிஞ்ச கேப்டன் யூடியூப்ல இருக்கற கேப்டன். அதுல பாதி உளுந்தூர்பேட்டை அண்ணன் சொன்ன அந்தச் சிரிப்பு வீடியோதான். அத பாத்து வளந்தவன்தான் இங்க அதிமுககாரர்கிட்ட சண்டைக்கு நிக்கிறான். எப்ப மாறினான்? கேக்க நெனச்சேன், லைன்ல போலீஸ் தள்ளிவிட்டுட்டாங்க.

கணக்குப்பிள்ளை:

செத்த வீட்டுக்கு வர்ற கூட்டத்த மவுசுன்னு சொல்லாதீங்க. ஊர்ல யார் செத்தாலும் நல்லவர்னுதான் சொல்லுவாங்க. 2024-ல வந்த 'லப்பர் பந்து'ங்கிற கிரிக்கெட் படத்துல அவர் பழைய பாட்டு வந்ததும் தியேட்டரே ஆடுச்சு. சமாதியில தினமும் சாப்பாடு போடறாங்க, ஜனம் வருது. எல்லாம் சரி. இதுல ஒண்ணாவது ஓட்டுப் பெட்டிக்கு வந்துச்சா?

விருதுநகர்க்காரன்:

வந்துச்சு சார். 2024, எங்க ஊரு. அவரு பையன் அதிமுக கூட்டணியில மக்களவைக்கு நின்னாப்ல. 4,379 ஓட்டு வித்தியாசத்துல தோத்தாப்ல. அவ்ளோதான். ஜூன் 4 அன்னிக்கு நாங்க டீவி முன்னால உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்கல. ஒரு ரவுண்டு முன்னால, ஒரு ரவுண்டு பின்னால. எங்க பெரியப்பா, தேமுதிக ஆரம்ப கால ஆளு, 2016-க்கு அப்புறம் கட்சி கார்ட பீரோவுல போட்டுப் பூட்டினவரு, அன்னிக்கு அத எடுத்துச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. கடைசி ரவுண்டுக்கு அப்புறமும் மறு எண்ணிக்கை கேப்பாக, கேப்பாகன்னு ராத்திரி வரைக்கும் சட்டைய மாத்தல. அண்ணியாரும் கேட்டாக, ஒண்ணும் நடக்கல. முடிஞ்சுபோச்சுன்னு எழுதறவங்க எங்க பெரியப்பாகிட்ட வந்து சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:

உங்க பெரியப்பா மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அந்த ஓட்டுல அதிமுக ஓட்டு எவ்வளவு, கழிச்சிட்டுச் சொல்லுங்க.

விருதுநகர்க்காரன்:

2011-ல 29 ஜெயிச்சப்பவும் அதிமுக ஓட்டுதான் சார் இருந்துச்சு. அத மட்டும் கேப்டன் கணக்குல எழுதுனீங்க, இதக் கழிக்கச் சொல்றீங்க.

சுவர்க்காரன்:

விருதுநகர் தம்பி, உங்க பக்கம் 2024-க்கு முரசு வரைஞ்சது யாருன்னு தெரியுமா? பஸ்ல போகையில ஒண்ணு பாத்தேன், குச்சி ரெண்டும் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு. எங்கிட்ட சொல்லியிருந்தா ஒழுங்கா வரைஞ்சு குடுத்திருப்பேன்.

விருதுநகர்க்காரன்:

எங்க ஊருப் பையன்தான்ணே. பழைய ஆளுக யாரும் கிடைக்கல, போன்ல படத்தப் பாத்து வரைஞ்சான். நம்பர் அனுப்புறேன், அடுத்த எலெக்சனுக்கு நீங்களே பேசிக்கோங்க.